பச்சையே இல்லாத பச்சை

என்ன மாப்ளே, டீ கிளாஸை இடது கையில பிடிச்சுக் குடிக்கிற? வலது கையைப் பேண்ட் பைக்குள்ள வச்சுக்கிட்டு எதை அடைகாக்குற? எடு வெளிய. மாமன்கிட்ட என்ன ஒளிவு மறைவு?

அட, சுண்டுவிரல்ல பச்சைக்கல் மோதிரம்! அதான பாத்தேன். முக்குல நீ திரும்பும்போதே சிக்னல் விழுந்த மாதிரி ஒரு வெளிச்சம். எவ்வளவு? சொல்லுய்யா, உன் அத்தை காதுக்குப் போகாது. 18,000 ரூவாயா! போன மாசம் மிஷின் ரோலர் மாத்தக் காசு பத்தலைன்னு என்கிட்ட 5,000 கைமாத்து வாங்கின புண்ணியவான் நீதான? இல்ல, உன்னை மாதிரியே சட்டை போட்ட வேற ஆளா?

சரி விடு. புதன் பலமில்லாம இருக்காரு, எழுத்துக்கும் அச்சுக்கும் அவர்தான் அதிபதி, மரகதம் போட்டா ஆர்டர் வாசல்ல வந்து நிக்கும்னு யாரோ சொல்லியிருப்பாக. யாருன்னு பேரைச் சொல்லிறாத. சொன்னா நானும் போய் ஒண்ணு வாங்கிருவேன். எனக்கும் ஆசை இருக்குல்ல.

நான் உன்னை வையல மாப்ளே. எனக்கு மனசு ஆறாத விசயம் வேற. கலரைத் தயார் பண்ணி ஊரு உலகத்துக்கெல்லாம் விக்கிற ஊர்ல பொறந்துட்டு, நீ போய்க் கலரைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்க. சாத்தூர்க்காரன் வெளியூர்ல போய்க் காராச்சேவு வாங்கிட்டு வந்த கதையால்ல இருக்கு.

பச்சைன்னா என்னன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 34 வருசம் பட்டாசு ஆலையில கிடந்தவன். கடைசியில போர்மேன். சிவப்பா எரியணுமா, ஸ்ட்ரான்சியம். மஞ்சளுக்குச் சோடியம். நீலத்துக்குச் செம்பு. நீலம்தான் கடைசி வரைக்கும் வாயில வந்து கையில சிக்காத கலரு. பச்சைக்குப் பேரியம். அந்தப் பேரியம் நைட்ரேட் மூட்டையைப் பிரிச்சுப் பாத்தா உள்ள என்ன இருக்கும்னு நினைக்கிற? கல்லுப்பை இடிச்சு வச்ச மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கும். பச்சையின்னு ஒரு துளி இருக்காது. தீ தொட்டாத்தான் பச்சை. தீ போனா பச்சையும் போச்சு.

அந்தப் பேரியத்தையும் 2018ல சுப்ரீம் கோர்ட்டு கூடாதுன்னுட்டாக. அதோட வந்த புதுச் சரக்குக்கு வச்ச பேரைக் கேட்டியா? பச்சைப் பட்டாசு! பச்சையைக் குடுக்கிற உப்பை வெளிய எடுத்துட்டு, மிச்சம் இருக்கிறதுக்குப் பச்சைன்னு பேரு. அன்னைக்கு ராத்திரி நான் சிரிச்ச சிரிப்புல உங்க அத்தை பயந்து போய்த் திருநீறு பூசிவிட்டா.

இது பட்டாசுக்காரன் பச்சை. உன் பச்சை இதுக்கு மேல. நீ வச்சிருக்கிற ஆப்செட் மிஷின்ல எத்தனை மை? நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நாலு. பச்சை மை எங்க இருக்கு? கிடையாது. போன வருசக் காலண்டர்ல முருகனுக்குப் பின்னால மயிலும் மலையும் பச்சைப் பசேல்னு அடிச்சியே, அது எப்படி வந்துச்சு? நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் நெருக்கி உக்கார வச்சா பாக்கிறவன் கண்ணு பச்சைன்னு ஏமாறுது. ஆக, பச்சையே இல்லாம வருசம் பூரா பச்சை அடிக்கிறவன் நீ. உன்கிட்ட ஒருத்தன் பச்சையை வித்துட்டுப் போயிருக்கான்னா, அவனைக் கூட்டிட்டு வா, ஒரு துண்டு போத்தி மரியாதை பண்ணுவோம்.

இப்ப உன் விரல்ல இருக்கிற பச்சைக்கு வருவோம். அது நிஜ மரகதம்னே வச்சுக்குவோம், ஒரு பேச்சுக்கு. மரகதம் தனிச் சாதிக் கல்லு இல்ல மாப்ளே. பெரில்னு ஒரு கல்லு. மணல்ல இருக்கிற சிலிக்கா, நம்ம ஆலையில மூட்டை மூட்டையா வர்ற அலுமினியம், கூடப் பெரிலியம்னு ஒரு உலோகம், இது மூணும் ஆக்சிஜனோட சேந்து பூமிக்கடியில வெந்து ஆறு பட்டையா விளையுறது. சுத்தமா விளைஞ்சா அதுக்குக் கலரே கிடையாது, தண்ணி மாதிரி இருக்கும். அதுல கொஞ்சூண்டு இரும்பு கலந்தா கடல் நீலம். அதே இரும்பு வேற பக்குவத்துல இருந்தா மஞ்சள். மாங்கனீசு கலந்தா ரோஸ். அலுமினியம் உக்காரவேண்டிய இடத்துல குரோமியமோ வனேடியமோ ஒரு சிட்டிகை ஏறி உக்காந்துட்டா மரகதம். நான் மருந்துக்குள்ள போட்ட அதே சிட்டிகைக் கணக்குதான். நமக்குப் போர்மேன் சம்பளம், அதுக்கு நவரத்தினப் பட்டம்.

பெரிலியத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 1798ல வோக்கலன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பெரிலுக்குள்ளயும் மரகதத்துக்குள்ளயும் அது இருக்கிறதைக் கண்டுபிடிச்சாரு. அதோட உப்பு நாக்குல இனிச்சுதாம். அதனால ரொம்ப நாளைக்கு இனிப்புன்னு அர்த்தம் வர்ற பேருதான் அதுக்கு வழங்குச்சு. பின்னாலதான் தெரிஞ்சுது, அது நல்ல விஷம்னு. மருந்து ரூமுக்குள்ள நின்னு எதையும் வாயில வச்சுப் பாக்காதடான்னு நான் பையன்களை வையும்போது, என்ன மாமா ரொம்பத்தான் பயப்படுறன்னு சிரிப்பானுக.

இந்தப் பெரில் கல்லை நான் கண்ணால பாத்திருக்கேன். கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இல்ல, முளைச்ச இடத்துல. கல்யாணத்துக்கு முந்தின வருசம் எங்கய்யா என்னைக் காங்கேயம் பக்கம் கன்னபுரம் மாட்டுச் சந்தைக்கு ஜோடி மாடு பிடிக்கக் கூட்டிட்டுப் போனாரு. சித்திரை வெயில். துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசிக்கிட்டு இருக்காக. எனக்கு ஒண்ணும் வேலை இல்ல. பக்கத்துல வேப்ப மரத்தடியில ஒரு கொங்குநாட்டுப் பெரியவர், தலையில உருமா, மடியில இருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாரு. "பாக்கறீங்களா தம்பி?"ன்னாரு.

உள்ள சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி. பென்சில் சீவாம இருந்தா எப்படி இருக்கும், அதே ஆறு பட்டை. நெடுக நகத்தால கீறின மாதிரி கோடு கோடா இருக்கு. ஒரு முனை உடைஞ்சு போய் மண்ணு அப்பியிருக்கு. ஊரு உலகத்துல இருக்கிற அழுக்கெல்லாம் மேல. பெரியவர் எச்சி தொட்டு வேட்டி நுனியால ஒரு பட்டையைத் துடைச்சு வெயிலுக்கு நேரா பிடிச்சாரு. மாப்ளே, மழை ஓஞ்சு மேகம் பிரியுற நேரத்துல கம்மாத் தண்ணிக்கு ஒரு கலர் வரும் பாரு, அது உள்ள இருந்துச்சு. கையில வாங்கினேன். அந்த வெயில்லயும் குளுகுளுன்னு இருந்துச்சு. செம்மண் காட்டுல மழை பேஞ்ச மறுநாள் விடியக்காலம் சாய்வெயில்ல நடந்தா கண்ணுல மின்னுமாம், பொறுக்கிக்கிட்டு வருவாகளாம். வெள்ளாமை பொய்ச்ச வருசத்துல இதுதான் வெள்ளாமைன்னாரு.

விலை கேக்கிறதுக்குள்ள எங்கய்யா என் பிடரியில ஒண்ணு வச்சாரு. மாடு பிடிக்க வந்தவனுக்குக் கல்லு எதுக்குடான்னு. பிடிச்சிட்டு வந்த மாடு பதினாலு வருசம் உழுதுச்சு. அந்தக் கல்லு உழுதிருக்காதுதான். ஆனாலும் இன்னைக்கும் ராத்திரித் தூக்கம் வரலைன்னா அந்த நீலம் கண்ணுல வருது. கல்லு வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. நல்லாப் பாத்துக்க.

அந்தக் காங்கேயம் பக்கத்துலதான் படியூர்னு ஒரு ஊரு. 1819லயும் 1820லயும் ஹீத்துன்னு ஒரு வெள்ளைக்காரர் அங்க குழி தோண்டி 2,196 கடல் நீலக் கல்லு எடுத்ததா அவுக கணக்குல இருக்கு. மொத்த மதிப்பு 1,201 பவுண்டு. கல்லுக்கு அரைப் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல. அந்தத் துரை உன் மோதிர பில்லைப் பாத்திருந்தா, குழியை மூடிட்டுக் கடை வச்சிருப்பாரு.

அதுக்கும் 1,700, 1,800 வருசம் முந்தி, நொய்யல் கரையில கொடுமணல்ல நம்மாளுக பட்டறை போட்டுக் கல்லு அறுத்துப் பட்டை தீட்டித் துளை போட்டுக்கிட்டு இருந்திருக்காக. பெரில், பளிங்கு, நீலக்கல்லு, சூதுபவளம் எல்லாம் தோண்டி எடுத்திருக்காக. ஒரே ஒரு கல்லறையில 2,000 சூதுபவள மணிக்கு மேல. பதிற்றுப்பத்துல வர்ற கொடுமணம் அந்த ஊருதான்னு சொல்றாக. அங்க தீட்டின கல்லு கப்பலேறி ரோமாபுரிக்குப் போயிருக்கு, அவுக காசு கோயம்புத்தூர், கரூர்ப் பக்கம் பானை பானையா வந்து மண்ணுக்குள்ள படுத்திருக்கு.

நமக்கு எப்படித் தெரியும்னு பாக்கிறியா? ஆலைக்கு வெடி சுத்த எடைக்கு எடை பழைய புத்தகம் வரும்ல, அதுல படிச்சதுதான் என் படிப்பு எல்லாம். அப்படி ஒரு கட்டுல பிளினின்னு ஒரு ரோமாபுரிக்காரர் கதை கிடைச்சுது. பெரிய அதிகாரி. உலகத்துல இருக்கிற அத்தனையும் பத்தி 37 புத்தகம் எழுதினவரு. கடைசிப் புத்தகம் கல்லுகளைப் பத்தினது. நல்ல பெரில் இந்தியாவுலதான் கிடைக்குது, வேற எங்கயும் அபூர்வம்னு எழுதியிருக்காரு. இந்தியாக்காரங்களுக்கு நீளக் குச்சியா இருந்தாத்தான் பிடிக்கும்னும் எழுதியிருக்காரு. இந்தியச் சரக்கை வாங்கி வாங்கியே நம்ம ஊர்க் காசு வருசத்துக்கு 5 கோடி செஸ்டர்சு கரைஞ்சு போகுதேன்னு இன்னொரு புத்தகத்துல புலம்பல் வேற.

அதே மனுசன் இன்னொண்ணும் எழுதி வச்சிருக்காரு, அதைப் படிச்சதும் நான் பிரிச்ச கட்டை அப்படியே மடியில வச்சுக்கிட்டேன். இந்த இந்தியாக்காரங்க பளிங்குக்குச் சாயம் ஏத்திப் போலிக் கல்லு செய்யக் கண்டுபிடிச்சிருக்காக, அதுலயும் முக்கியமா போலிப் பெரில்னு! மாப்ளே, 1,950 வருசத்துக்கு முந்தியே நம்ம பாட்டன்மாரு ரோமாபுரி ராசாத்திக விரல்லயே சாயக் கல்லை மாட்டிவிட்டிருக்காக. அந்த வம்சத்துல வந்த நீ, வாங்குற பக்கமா போய் உக்காந்திருக்க. குலப்பெருமையைக் கெடுத்துட்டியேய்யா.

பிளினி எப்படிச் செத்தாருன்னு கேளு. கி.பி. 79ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சுது. எல்லாரும் தப்பிச்சு ஓட, இவரு வேடிக்கை பாக்கவும் ஆளுகளைக் காப்பாத்தவும் கப்பலை அந்தப் பக்கமாவே விடச் சொல்லியிருக்காரு. கரையிலயே போய்ச் சேந்துட்டாரு. பத்தவச்சா எட்டி நில்லுன்னு அட்டைப் பெட்டியில நாம அச்சடிச்சு ஒட்டுறோம். படிச்சவுக யாரு அதைப் படிக்கிறாக? அந்தக் கதையோட மிச்சப் பக்கம் எனக்குக் கிடைக்கல. குருவி வெடிக்குப் போயிருச்சு.

இன்னொரு வேடிக்கை இந்த வைடூரியம். இப்ப நீ கடையில வைடூரியம்னு கேட்டா பூனைக்கண்ணு மாதிரி கோடு ஓடுற கல்லை எடுத்து வைப்பாக. பழைய நாள்ல வைடூரியம்னு வழங்கினது இந்தப் பெரிலைத்தான்னு படிச்சவுக சொல்றாக. அந்தப் பேருதான் தேஞ்சு தேஞ்சு கிரேக்கன் வாயில பெரில் ஆச்சாம். அதுலயும் தேஞ்சு ஜெர்மன்காரன் மூக்குக் கண்ணாடிக்குப் பிரில்லன்னு சொல்றான். நம்ம கல்லு பேரு அங்க கண்ணு தெரியறதுக்கு ஆகியிருக்கு. இங்க நாம அதைப் போட்டுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிறோம்.

நிஜக் கல்லுக்கும் அலங்காரம் உண்டு, அதையும் கேட்டுக்க. மரகதம்னா உள்ள கீறல் இல்லாம அமையுறது அபூர்வம். அந்தக் கீறல் தெரியாம இருக்க எண்ணெய்ல ஊற வச்சு எடுப்பாக. தீவாளி அன்னைக்கு நமக்குத் தேய்ச்சு விடுற மாதிரிதான். கடல் நீலம் கொஞ்சம் பச்சை அடிச்ச மாதிரி இருந்தா 400 டிகிரிக்கு மேல சூடு காட்டிச் சுத்த நீலமாக்கிருவாக. இதெல்லாம் தொழில்ல ஒத்துக்கிட்ட சங்கதி, ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். சொல்லி வித்தா.

சாமி விசயத்துல நான் பகடி பண்றதில்ல. உத்தரகோசமங்கையில மரகத நடராசர் இருக்காரு. வருசம் பூரா சந்தனக் காப்புக்குள்ள இருப்பாரு, ஆருத்ரா தரிசனத்துக்குத்தான் களைவாக. ஏன்னு கேட்டா, மேளச் சத்தம் தாங்காம மரகதம் வெடிச்சிரும், அதுக்குத்தான் காப்புன்னு பெரியவுக சொல்லுவாக. அது அவுக நம்பிக்கை, நான் கும்பிட்டுட்டு வந்தேன். ஆனா உன்னை ஒண்ணு கேக்கணும். மேளத்துக்கே மரகதம் வெடிக்கும்னா, நம்ம தெருவுல போன தீவாளிக்குப் பத்தாயிரம் வாலா போட்டானுகளே, அப்ப இந்த மோதிரம் உன் கையில இருந்துச்சா இல்லையா? இருந்துச்சா? ஒரு கீறல்கூட விழலையா? ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.

ராசிபலனை நீ நம்புற மாப்ளே, நீ! வடை மடிக்கிற கடைக்காரன் நம்பலாம். காலண்டர் அடிக்கிறவன் நம்பலாமா? ஆடி பதினெட்டு அன்னைக்குக் காலண்டர் மாதிரி ஆல்பத்தைச் சாமி முன்னால வச்சுப் பூசை போட்டு வெளியிடுறோம். அடுத்த வருசம் தையில உனக்கு லாபமா நட்டமான்னு ஆவணியில இருந்தே கட்டுக் கட்டாப் பைண்டிங்ல அடுக்கிக் கிடக்கு. ஈய எழுத்துக் காலத்துல என் சிநேகிதன் ஒருத்தன் ஒரு அச்சாபீஸ்ல கம்போசிங் பாத்தான். தினசரிக் காலண்டர்ல ராசிக்கு ஒரு வார்த்தை வரும்ல. வரவு, செலவு, சுகம், பகை, உதவி, அசதி. ஒருநாள் தூக்கக் கலக்கத்துல மிதுனத்தையும் கடகத்தையும் இடம் மாத்தி அடுக்கிட்டான். ஒரு மாசத் தாளு முழுக்க அப்படியே ஓடிருச்சு. தலையில கைய வச்சுக்கிட்டு ஊரை விட்டே ஓடப் பாத்தான். வருசம் முடிஞ்சுது. தமிழ்நாடு முழுக்க ஒரு மிதுன ராசிக்காரன் வந்து, எனக்கு ஏன் கடகத்தோட அசதி வந்துச்சுன்னு கேக்கல. கடக ராசிக்காரங்க திருப்தியாவே இருந்தாக.

1922ல நம்ம ஊரு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கத்துக்க கல்கத்தாவுக்குப் போனாக. ரயிலேறும்போது எந்த விரல்ல என்ன கல்லு போட்டிருந்தாகன்னு யாராவது எழுதி வச்சிருந்தா எனக்கு ஒரு பிரதி எடுத்துக் குடு, பிரேம் போட்டு மாட்டுறேன். அவுக கொண்டாந்த தீப்பெட்டியிலயே உன் கல்லோட பங்காளி இருக்கான், தெரியுமா? பெட்டிப் பக்கவாட்டுப் பட்டையில சிவப்புப் பாஸ்பரசோட சேத்துத் தடவுறது கண்ணாடித் தூளு. கண்ணாடிக்கு மூலம் மணல். மரகதத்துக்கும் பாதிக்கு மேல அந்த மணல் சரக்குதான். பச்சைப் பாட்டிலுக்குப் பச்சை குடுக்கிறதும் பெரும்பாலும் அதே குரோமியம், இல்ல இரும்பு.

வெம்பக்கோட்டையில தோண்டினாகளே, போய்ப் பாத்தியா? வைப்பாத்தங்கரை, நம்ம பஸ் போற தூரம். 2022ல தோண்ட ஆரம்பிச்சாக. சங்கு வளையல், கண்ணாடி மணின்னு கொத்துக் கொத்தா வந்துச்சு. 2024ல சூதுபவளத்துல செதுக்கின ஒரு காளை கிடைச்சுது. திமிலோட சீறிக்கிட்டு நிக்கிற காளை. நகத்தளவு கல்லுல அதை எவன் செதுக்கினானோ, அவன் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும். அந்தக் கல்லு நம்ம பக்கம் விளையாது, குஜராத்து, மராட்டியப் பக்கத்துச் சரக்கு. அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்ததை எவனோ ஒருத்தன் இங்க தொலைச்சுட்டு, பொழுது சாயுற வரைக்கும் மண்ணைக் கிளறிக்கிட்டுத் திரிஞ்சிருப்பான். அன்னைக்கு அவன் ராசிக்கு வரவுன்னு போட்டிருந்துச்சோ என்னமோ.

சரி, டீ ஆறுது, குடி. சட்டைப் பையில கயிறு கட்டின அந்தப் புள்ளி பாக்கிற லென்ஸ் இருக்குல்ல? பிளேட்டுல புள்ளி சரியா விழுந்திருக்கான்னு பாப்பியே, அதுதான். நகைக்கடைக்காரன் கண்ணுல சொருகியிருக்கிறதும் அதே சாமானுதான், அவன் கண்ணுல இருக்கும்போது நமக்குப் பயமா இருக்கும், அம்புட்டுத்தான். எடு. மோதிரத்தைக் கழத்து. வெயிலுக்கு வந்து நில்லு.

உள்ள செடி கொடி படர்ந்த மாதிரி நூல் நூலாக் கீறல், தூசி, துணுக்கு தெரிஞ்சா சந்தோசப்படு, பூமிக்குள்ள கிடந்து வந்த சரக்குன்னு கொஞ்சம் நம்பலாம். அப்பவும் மதுரையில நல்ல ஆளாப் பாத்துச் சோதிச்சுக் காகிதம் வாங்கிக்க. இல்லாம, சோடா பாட்டில்ல இருக்கிற மாதிரி வட்ட வட்டமாக் குமிழி தெரிஞ்சுதுன்னா...

என்ன, பேசாம நிக்கிற? வட்டமா இருக்கா? எத்தனை? எண்ணாத, எண்ணாத, புதனுக்குக் கோவம் வந்திரும்.

சரி வா, உக்காரு. உன் அத்தைகிட்டச் சொல்லல. ரெண்டு டீ, ரெண்டு வடை. காசை நீ குடு. அந்த 5,000 பத்தித் தையில பேசிக்கலாம், உன் ராசிக்கு என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு.